மூலனின் உடலும் ஆர்.எக்ஸ். நூறும்

எந்த பைக்கை இன்று வாங்கி நிறுத்தினால் இருபது வருஷம் கழித்து மதிப்பு ஏறும் என்று என்னிடம் கேட்கிறார்கள். திருச்சியில் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். சிலிண்டர் போர் போடுவது, ஸ்லீவ் இறக்குவது, கிராங்க் பிரித்து கனெக்டிங் ராடு மாற்றுவது என் தொழில். அப்பா காலத்தில் அம்பாசடரும் லாரியும் வாசலில் நிற்கும். இப்போது வருவதில் பெரும்பகுதி பழைய டூ-வீலர். கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் முப்பது வயதைச் சுற்றி இருக்கிற பிள்ளைகள். அவர்களுடைய கேள்விக்குச் சந்தை விலையை வைத்து ஒரு பதில் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவன் என்பதால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி எனக்குக் கேட்கிறது. தேய்ந்து, உடைந்து, பாதி மாற்றப்பட்ட பிறகும் ஒரு பொருள் அதே பொருளாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? இதற்குப் பதில் தெரியாமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1985-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதை இந்தியாவில் விற்க ஆரம்பித்தது. முதலில் வந்தவை ஜப்பானிலிருந்து பாகங்களாக இறங்கி இங்கே பூட்டப்பட்டவை. 1996-இல் தயாரிப்பு நின்றது. சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரமும் 50 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 98 சி.சி. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து 11 குதிரைத் திறன். வண்டியின் எடையோ நூற்றுச் சொச்சம் கிலோதான். அதனால்தான் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் முன்சக்கரம் லேசாகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டூ-ஸ்ட்ரோக் சிலிண்டர் தேயும். தேய்ந்தால் கால் மில்லி பெரிதாகக் கடைந்து அடுத்த சைஸ் பிஸ்டன் போடுவோம். பிறகு அரை மில்லி, முக்கால் மில்லி, ஒரு மில்லி. 51 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் கடைய இடமில்லை. அப்போது உள்ளே இருக்கிற வார்ப்பிரும்பு லைனரை முழுவதும் எடுத்துவிட்டு புது ஸ்லீவ் இறக்கி, மறுபடி 50-க்குக் கடைகிறோம். மனிதன் அறுபது ஆண்டில் திரும்பும் சுற்றை அந்த சிலிண்டர் என் லேத்தில் முடித்துக்கொள்கிறது.

ஒரு பையன் அப்பாவின் ஆர்.எக்ஸ். 100-ஐக் கொண்டுவந்தான். அப்பா காலமாகிவிட்டார். வண்டி நெடுநாள் கிணற்றடிச் சாய்ப்பில் நின்று, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். கடைசி ஓவர்சைஸும் முடிந்திருந்தது. இரண்டு வழி உண்டு என்று சொன்னேன். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் நல்ல பழைய சிலிண்டர் ஒன்று கிடைக்கலாம்; இல்லாவிட்டால் இதற்கே ஸ்லீவ் இறக்கலாம். அவன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "ஸ்லீவ் போட்டா அப்பாவோட பிஸ்டன் ஓடின சுவரே போயிடும்ல அண்ணே? அப்புறம் இது அவரு வண்டிதானா?"

அவனிடம் சொன்னேன்: "தம்பி, உங்க அப்பா வாங்கும்போது இருந்த சுவர் எப்பவோ போயிடுச்சு. அவரே நாலு தடவை கடைய விட்டிருக்காரு. ஒவ்வொரு தடவையும் இரும்புத் தூள் போச்சு, வண்டி இருந்துச்சு." அவன் ஸ்லீவுக்குச் சம்மதித்தான். அந்தப் பதில் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

கிரேக்க வழி வந்த மிலிந்த மன்னனும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியும் உரையாடிய பாலி நூல் ஒன்று உண்டு, மிலிந்த பன்ஹா. ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா என்று நாகசேனர் ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவுமே தேர் இல்லை, இவையெல்லாம் சேர்ந்திருக்கும்போது நாம் வழங்குகிற பெயர்தான் தேர் என்று மன்னனை ஒப்புக்கொள்ள வைக்கிறார். பட்டறைக்காரன் ஒவ்வொரு நாளும் பார்க்கிற உண்மை அது. டப்பா டப்பாவாகப் பிரித்துப் போட்ட இன்ஜினுக்குள் ஆர்.எக்ஸ். எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. ஆனால் நாகசேனரின் பதில் அந்தப் பையனின் துக்கத்தைத் தொடவில்லை. வெறும் பெயருக்காக யாரும் அவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

என்னைத் தொட்டது திருமூலர் கதைதான். கயிலையிலிருந்து வந்த சிவயோகி காவிரிக் கரையில் சாத்தனூர் அருகே போகிறார். மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான். அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அந்தத் துயரம் தாங்காமல் யோகி தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுகிறார். மூலன் எழுந்திருக்கிறான். பசுக்கள் மகிழ்ந்து நக்கி, மோந்து, மேய்ந்து, மாலையில் வீடு திரும்புகின்றன. பின்னாலேயே போகிறவரை மூலனின் மனைவி வீட்டுக்கு அழைக்கிறாள். எனக்கும் உனக்கும் உறவில்லை என்கிறார். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் போகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் யோக நிலையில் இருப்பவர், நீ நினைக்கிற ஆள் இல்லை என்று அவளைத் தேற்றுகிறார்கள். பெரிய புராணம் சொல்கிற வரலாறு இது.

வகுப்பில் இதைப் படிக்கும்போதெல்லாம் திருமூலரின் கருணையைப் பற்றித்தான் பேசுவோம். எனக்கு அந்தப் பெண்ணின் நினைவே வரும். முகம் அதே முகம், கை அதே கை, உடம்பில் ஒரு தழும்புகூட மாறவில்லை. இன்றைய பேச்சில் சொன்னால் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் புக்கோடு ஒத்துப்போகின்றன. ஆனால் அவளுடைய மூலன் அதில் இல்லை. பசுக்களுக்கு மேய்க்க ஓர் ஆள் போதும். அவளுக்கு அவன்தான் வேண்டும்.

ஆகவே, உடலின் பாகங்கள் அப்படியே இருந்தும் ஆள் மாறிப்போகலாம். அந்தப் பையனின் வண்டியைப் போலப் பாகங்கள் மாறியும் ஆள் அப்படியே இருக்கலாம். இரண்டையும் நான் என் தொழிலில் பார்த்திருக்கிறேன். ஆர்.எக்ஸ். 100 விலை ஏறிய பிறகு, வண்டியே இல்லாமல் ஆர்.சி. புக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சில வியாபாரிகள் வருகிறார்கள். எங்கிருந்தோ ஒரு சேஸிஸ், எங்கிருந்தோ ஒரு இன்ஜின். அதில் பழைய நம்பரைத் தேய்த்துவிட்டு புக்கில் இருக்கிற நம்பரைக் குத்தித் தரச் சொல்வார்கள். பளபளவென்று பெயிண்ட் அடித்து, முதல் செட் வண்டி என்று விற்பார்கள். சட்டப்படி அது குற்றம், நான் செய்வதில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யமாட்டேன். அந்த வண்டியை வாங்கி, இது என் தாத்தா காலத்து வண்டி என்று நம்பித் தடவிப் பார்க்கப்போகிறவன் மூலனின் மனைவி நிலையில் நிற்பான். அவனுக்கு எடுத்துச் சொல்ல ஊர்ப் பெரியவர்களும் இருக்கமாட்டார்கள்.

சரி, எது மாறலாம், எது மாறக்கூடாது? இதற்கு நம் கோயில்களில் ஒரு நடைமுறை இருக்கிறது. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கும், அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கும் மாற்றி அங்கே பூஜை நடத்துவார்கள். பிறகு விமானம் பிரிக்கப்படும், தளவரிசை பெயர்க்கப்படும், அஷ்டபந்தன மருந்து புதிதாக இடித்துச் சாத்தப்படும். பின்னமான திருமேனி இருந்தால் புதுத் திருமேனியே வடித்து வைப்பதும் உண்டு. கும்பாபிஷேகத்தன்று சக்தி திரும்புகிறது. கோயில் அதே கோயில்தான். அந்த இடைக்காலத்தில் ஒரு வேளைகூடப் பூஜை நிற்பதில்லை என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். ஒடிசாவில் பூரி ஜெகந்நாதருக்கு மரத்திருமேனியே மாற்றப்படுகிறது. கடைசியாக 2015-இல் நடந்தது. பழையதன் உள்ளிருக்கும் பிரம்ம பதார்த்தம், கண்ணைக் கட்டிக்கொண்ட சேவகர்களின் கையால் புதிய திருமேனிக்குப் போகிறது. மரம் போகிறது, வழிபாடு தொடர்கிறது.

வண்டியை இறைவனோடு ஒப்பிடவில்லை. தொடர்ச்சி என்பது எதில் இருக்கிறது என்பதைக் கோயில் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அது கல்லிலும் இல்லை, வெறும் பெயரிலும் இல்லை. யாரோ ஒருவர் விடாமல் கவனித்துக்கொண்டிருப்பதில் இருக்கிறது. அந்தப் பையனின் அப்பா நாலு முறை கடைய விட்டாரே, அந்த நாலு முறையில்தான் அவருடைய வண்டி இருக்கிறது. ஐந்தாவது முறையை மகன் செய்கிறான். நம்பர் குத்தி விற்கிற வண்டியில் இந்தச் சங்கிலி அறுந்துபோயிற்று.

நம்முடைய சட்டம் இதைப் பாதிதான் பார்க்கிறது. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். அன்றாட ஓட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் அந்த வண்டியைப் பயன்படுத்த முடியாது. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. முதல் ஆர்.எக்ஸ். 100-கள் 2035-இல் இந்த வயதை எட்டும். ஆனால் ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் கை படாத இன்ஜினை எங்கே தேடுவது? கை படாமல் இருந்தால் அது ஓடாமல் நின்றது என்றுதான் பொருள். தேய்ந்ததைத் திருத்துவது வேறு, வடிவத்தை மாற்றுவது வேறு. ஆய்வுக்கு வருகிற குழுவில் பட்டறையில் கை அழுக்கான ஒருவரும் இருக்க வேண்டும்.

ராஜஸ்தானில் பாலி அருகே சோட்டிலா என்ற ஊரில் ஒரு புல்லட் வழிபடப்படுகிறது. 1988-இல் ஓம் சிங் ராத்தோர் என்ற இளைஞர் அங்கே சாலையோர மரத்தில் மோதி இறந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன வண்டி மறுநாள் காலையில் விபத்து நடந்த இடத்துக்கே வந்து நின்றது என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. ஓம் பன்னா என்று அவரை அழைக்கிறார்கள். ஆர்.என்.ஜே. 7773 என்ற எண் கொண்ட அந்த 350 சி.சி. புல்லட் கண்ணாடிக்குள் மாலையோடு நிற்கிறது. அந்த வழியே போகிற ஓட்டுநர்கள் நிறுத்தி வணங்கிவிட்டுப் போகிறார்கள். அந்த வண்டி நம்முடைய திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்தது. வழிபடுகிறவர்களிடம் நான் குறை காணமாட்டேன். சாலையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஊர், இன்னொருவர் பிள்ளையாவது பத்திரமாக வீடு சேரட்டும் என்று வேண்டிக்கொள்கிற இடம் அது. ஒரு இயந்திரத்துக்கு மதிப்பு அதன் சி.சி.யிலிருந்து வருவதில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

ராபர்ட் பிர்சிக் வண்டியும் அப்படித்தான். ஜென் தத்துவத்தையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் இணைத்து 1974-இல் அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. மகனை உட்காரவைத்து 1968-இல் அவர் நெடும்பயணம் போனது ஒரு சாதாரண 305 சி.சி. ஹோண்டாவில். அந்தக் காலத்து அமெரிக்கத் தெருக்களில் எங்கும் ஓடிய வண்டி. இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அவர் அதைத் தன் கையாலேயே பார்த்துக்கொண்டார், கவனமாகத் திருத்துவதும் ஞானத்தின் ஒரு வழி என்று அந்த நூலில் வாதாடினார். வண்டிக்கு இடம் கிடைத்தது அதனால்தான்.

இனி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆர்.டி. 350, மைசூரில் செய்த யெஸ்டி ரோட்கிங், வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட், ஆர்.எக்ஸ். 100 எல்லாம் ஏற்கெனவே ஏறிவிட்டன. அவற்றை விடுங்கள். அபூர்வம் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் வாங்காதீர்கள். என்ஃபீல்டு ஒரு காலத்தில் 325 சி.சி. டீசல் இன்ஜின் வைத்து டாரஸ் என்று ஒரு வண்டி விட்டது. இன்று காண்பதே அரிது. அதை வாழ்க்கையோடு சேர்த்து நினைப்பவர்கள் குறைவு. அபூர்வம் மட்டும் ஒரு வண்டியைக் காப்பாற்றாது.

நான் முதலில் சொல்வது டி.வி.எஸ். 50. 1980-இல் ஓசூரில் பிறந்தது. அதன் வாரிசாக வந்த எக்ஸ்.எல். வகைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கீரைக்கட்டு, பால் கேன், தண்ணீர்க்குடம், சவுக்குக் கம்பு, ஐந்து பேர் குடும்பம் எல்லாவற்றையும் சுமந்தது அது. சைக்கிளிலிருந்து ஒரு தலைமுறை மேலே ஏறிய படி. யாரும் அதைப் பத்திரமாக வைக்கவில்லை. சாகும்வரை வேலை வாங்கிவிட்டு இரும்புக் கடையில் எடைக்குப் போட்டார்கள். லட்சக்கணக்கில் ஓடிய வண்டிதான் முதலில் அடியோடு காணாமல் போகும். நல்ல நிலையில் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அதற்கு இணை இல்லை.

அடுத்தது ஹீரோ ஹோண்டா சி.டி. 100, 1985. அதன் தொடர்ச்சியாக 1994-இல் வந்த முதல் ஸ்ப்ளெண்டர். பெட்ரோலுக்குக் கணக்குப் பார்க்கிற வீடுகளுக்குள் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தவை இவை. இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருவுக்குப் பத்து நிற்பதே காரணம். பிறகு 1999-இன் சி.பி.இசட்., 2001-இன் முதல் பல்சர், 2003-இன் கரிஸ்மா. கல்லூரி வாசலில் இவற்றைப் பார்த்து ஏங்கியவர்களுக்கு இப்போது நாற்பது வயது ஆகிறது. வாங்குகிற கை வந்துவிட்டது. புல்லட் வழியில் வந்தவற்றில் 2016-இல் வந்த முதல் ஹிமாலயன்மேல் எனக்கு ஒரு கண் உண்டு. அந்த 411 சி.சி. இன்ஜினுக்கு அப்போது கார்ப்பரேட்டர்தான். மறு வருஷம் புகை விதி மாறியதும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சாலை ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சரிசெய்யக்கூடிய கடைசிப் பெரிய பயண வண்டிகளில் அது ஒன்று.

இங்கேதான் எனக்குக் கவலை. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்த பிறகு வண்டியின் மூளை இ.சி.யு. என்ற ஒரு சின்னப் பெட்டிக்குள் போய்விட்டது. மின்சார வண்டிகளில் இன்னும் ஒரு படி மேலே, வண்டி எப்படி ஓட வேண்டும் என்பதில் ஒரு பங்கு வெளியே ஏதோ ஒரு கணினியில் இருக்கிறது. காற்று சுத்தமாவது நல்லது. டூ-ஸ்ட்ரோக் புகையை முகத்தில் வாங்கி வளர்ந்தவன் நான். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லமாட்டேன். ஆனால் பேட்டரி தீர்ந்து, மென்பொருள் நின்று, அந்தப் பெட்டியும் கிடைக்காமல் போனால் அந்த வண்டிக்கு யார் பாலாலயம் செய்வார்கள்? மடிக்கணினியோடு பட்டறைக்கு வருகிற பிள்ளைகள் சிலர் பழைய இ.சி.யு.க்களைப் பிரித்து அதன் குறிப்புகளை எழுதிவைக்கிறார்கள். அவர்கள் கையில்தான் இன்றைய வண்டிகளின் நாளை இருக்கிறது. சொந்தக்காரனே திறந்து, திருத்தி, மறுபடி பூட்ட முடிகிற வண்டிதான் நிற்கும். இதுதான் என் அளவுகோல். விலைப்பட்டியல் இதற்குப் பின்னால்தான் வரும்.

வகுப்பில் ஒரு பெரியவர் கேட்டார்: இரும்பைப் பிடித்துக்கொண்டு இருப்பதும் பாசம்தானே, விடுவதற்கல்லவா சித்தாந்தம்? நியாயமான கேள்வி. நான், எனது என்பதே கட்டு. பூட்டிய ஷெட்டுக்குள் பத்து வண்டியை நிறுத்தி, விலை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் கட்டுதான். ஆனால் உடலும் கருவிகளும் உலகமும் நாம் பக்குவப்படுவதற்காக இறைவன் மாயையிலிருந்து கொடுத்தவை என்றும் அதே சித்தாந்தம் சொல்கிறது. கொடுத்ததைக் குப்பையாக்குவதற்குப் பெயர் துறவு இல்லை. தன் கையில் இருக்கிறவரை பழுதில்லாமல் வைத்து, அடுத்தவர் கையில் ஓடுவதைப் பார்த்து மகிழ முடிகிறதா என்பதே நான் பார்க்கிற சோதனை. அந்தப் பையன் வண்டியை ஸ்டார்ட் செய்த அன்று, முதல் ரவுண்டை என்னிடம் வேலை கற்கிற சிறுவனிடம் கொடுத்தான். தன் அப்பா வண்டியை முதலில் இன்னொருவனிடம் நீட்ட அவனுக்கு மனம் வந்தது. அது பாசம் இல்லை என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன், அவரும் மறுக்கவில்லை.

வாசகர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுச் சாய்ப்பில் அப்பாவின் எக்ஸ்.எல்.லோ தாத்தாவின் புல்லட்டோ நின்றுகொண்டிருந்தால், இரும்புக் கடைக்குப் போடும் முன் ஆர்.சி. புக்கை எடுத்துப் பாருங்கள். பதினைந்து ஆண்டு முடிந்திருந்தால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். பெயர் இன்னும் காலமானவர் பேரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு போய் மாற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேங்கைக் காலி செய்து துடையுங்கள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் நாலு சொட்டு ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். இறுகிப் பிடித்திருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். அருகில் இருக்கிற லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.